நாற்பது கழுத்துகளும் ஒரு பணியகமும்

அன்ரனிட்டாவின் கழுத்தில் விழுந்த சிவப்புக் கோடு மூன்றே நாளில் மறைந்துவிட்டது. தாய் மாக்கிறேற் அதற்காக அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். ஆனால் அந்தக் கோடு மறைந்ததுதான் பிறகு பெரிய குறையாகப் போயிற்று. இன்னும் இரண்டு மூன்று மாதமாவது அழியாமல் இருந்திருந்தால் வேலை எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும் என்று அதிகாரிகள் பலர் பின்னர் மனம் வருந்தினார்கள்.

நடந்தது இதுதான். எழுவைதீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறைக்குப் போவதென்றாலும் வருவதென்றாலும் படகுதான். அந்தப் படகில் போகும் சிறுபிள்ளைகளுக்கென்று வருஷத் தொடக்கத்தில் நாற்பது உயிர்காப்பு அங்கிகள் வந்து இறங்கின. அனுப்பியது ‘சிறுவர் தொண்டை மற்றும் கழுத்து விபத்துத் தவிர்ப்புப் பணியகம்’. பிள்ளைகளின் தொண்டைக்குள் எதுவும் சிக்காமலும் கழுத்தைச் சுற்றி எதுவும் இறுகாமலும் பார்ப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட பணியகம் அது. ஏற்படுத்தி இருபத்தொரு வருஷம். இருபது வருஷம் கூட்டம் வைத்து, இருபத்தோராவது வருஷம் அது தயாரித்த முதலாவது பொருள் அந்த அங்கி.

அங்கியில் பெரிய பிழை சொல்ல ஏலாது. செம்மஞ்சள் நிறம். இடுப்பில் இரண்டு பட்டி. அவை இரண்டுமே பிள்ளையை இறுக்கிப் பிடிக்கப் போதும். இவை தவிர, கழுத்துப்பட்டையைச் சுற்றி ஒரு தடித்த நைலோன் கயிறும் ஓடியது. அதன் நுனி முழங்கை நீளத்துக்குத் தொங்கியது. அந்த நுனியில் ஒரு சிவப்புக் குமிழ். குமிழில் வெள்ளை எழுத்தில் ‘கழுத்தைக் காப்போம்’ என்று அச்சடித்திருந்தார்கள். அந்தக் குமிழைத் தொங்கவிடுவதைத் தவிர கயிற்றுக்கு வேறு வேலை இல்லை.

மாக்கிறேற் தீவில் தையல் மெசின் வைத்திருந்தவள். பள்ளிக்கூட உடுப்பும் கோயிலில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டையும் அவள்தான் தைப்பாள். புருஷன் எமிலியானுஸ் கடற்றொழில். ஒரே பிள்ளை அன்ரனிட்டா, நாலு வயது. அன்றைக்கு மாக்கிறேற் ஊர்காவற்றுறையில் துணி வாங்கிக்கொண்டு மகளோடு திரும்பினாள். எழுவைதீவு இறங்குதுறையில் படகு அணைந்ததும், படகோட்டி தம்பையா வழமைபோலப் பிள்ளையைக் கக்கத்தில் பிடித்து மேலே தூக்கினார். படகின் பக்கப்பலகையில், கரையில் மோதாமல் பழைய ரயர் தொங்கவிடும் இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. பிள்ளை போட்டிருந்த அங்கியின் கயிறு அதில் சுற்றியிருந்ததை அவர் காணவில்லை. பிள்ளை மேலே வந்தது. கழுத்து மட்டும் கீழே இழுபட்டு நின்றது.

பிள்ளை சத்தம் போடவில்லை. அதுதான் மாக்கிறேற்றைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கைப்பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. கயிற்றை அவள் எப்படி வெட்டினாள் என்பது அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. அன்ரனிட்டா இருமினாள், இன்னும் ஒருமுறை இருமினாள், வாயிலிருந்து எதையோ துப்பினாள். ஊர்காவற்றுறையிலிருந்து அவள் சப்பிக்கொண்டு வந்த குமிழ் அது. கயிற்றிலிருந்து எப்போதோ கழன்றிருந்தது. மாக்கிறேற் அதைப் பொறுக்கிப் பார்த்தாள். ‘கழுத்தைக் காப்போம்’ என்றிருந்தது.

இரண்டு நாளாக அவளால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அங்கியை மெசினுக்கு எடுத்தாள். கயிற்றை முழுதாக உருவி எறிந்தாள். பிள்ளைகளின் சப்பாத்தில் இருக்குமே, அமத்தினால் ஒட்டிக்கொண்டு இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டி, அதில் இரண்டு விரல் நீளம் வெட்டிக் கழுத்துப்பட்டையில் தைத்தாள். இனி எங்கே மாட்டி இழுத்தாலும் கழுத்து தானாகத் திறந்து விட்டுவிடும். இடுப்புப் பட்டி பிள்ளையை விடாது. சப்பித் துப்புவதற்கும் ஒன்றும் இல்லை.

தம்பையா அந்த அங்கிக்குள் ஒரு மணல் மூட்டையைக் கட்டி, அதே கொக்கியில் மாட்டி மாட்டி இழுத்துப் பார்த்தார். பத்துத் தடவையும் கழுத்து திறந்தது. அதற்குப் பிறகு, கயிறு வைத்த அங்கியோடு எந்தப் பிள்ளையையும் படகில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டு கிழமைக்குள் நாற்பது அங்கிகளும் மாக்கிறேற்றின் மெசினுக்கு வந்து திரும்பின.

அதோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அதே அங்கி அனலைதீவுக்கும் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போயிருந்தது. அங்கேயும் படகு, அங்கேயும் கொக்கி. ஆகவே வெட்டிய கயிற்றையும் குமிழையும் ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டுக்கொண்டு அவள் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினாள்.

பணியகம் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. அங்கே எல்லா உத்தியோகத்தரும் கழுத்தில் கயிறு மாட்டி அடையாள அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். முறைப்பாடு எடுக்கும் மேசையில் நிலாந்தினி என்ற இளம் எழுதுவினைஞர் இருந்தாள். அவள் ரின்னுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, உதவி செய்ய விருப்பம்தான், ஆனால் இந்தப் பொருள் எந்தப் பிரிவு என்று தெரியவில்லை என்றாள். கழுத்துக்கு வெளியே நடப்பதெல்லாம் கழுத்துப் பிரிவு. உள்ளே நடப்பதெல்லாம் தொண்டைப் பிரிவு. கயிறு வெளியே இறுக்கியது. குமிழ் உள்ளே போகப் பார்த்தது. இரண்டும் ஒரே பொருளில் இருப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. கடைசியில் நிலாந்தினி ரின்னின் மூடியில் கயிற்றையும் அடியில் குமிழையும் வைத்து இரண்டு பதிவு இலக்கம் ஒட்டினாள்.

பிறகு படிவம் வந்தது. ஏழாவது கேள்வி: விபத்தின் விளைவு. (அ) மரணம். (ஆ) நிரந்தர ஊனம்.

“இதில ஏதாவது ஒண்டுக்குச் சரி போடவேணும் அக்கா. போடாட்டி கொம்பியூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போக விடாது,” என்றாள் நிலாந்தினி.

“பிள்ளை சுகமா இருக்கிறாள். அதாலதான் நான் இஞ்ச வரக்கூடியதா இருக்கு.”

நிலாந்தினி எழுந்து உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“‘இன்னும் இல்லை’ எண்டு எழுதட்டாம்.”

மாக்கிறேற் அப்படி எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தன் பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு சொல்லைத் தன் கையால் எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கேள்விக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், ‘பிள்ளை சுகம். கடவுளுக்கு நன்றி’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தாள்.

மூன்றாம் கிழமை பதில் வந்தது. எமிலியானுஸ் அதை வாங்கி வாசித்தான். ‘தங்களது பாராட்டுக் கடிதம் கிடைத்தது. எமது உயிர்காப்பு அங்கியைப் பாவித்ததன் பின்னர் தங்கள் பிள்ளை சுகமாக இருப்பதை அறிந்து பணியகம் பெருமகிழ்ச்சி அடைகின்றது.’ அவன் இன்னொருமுறை வாசித்துவிட்டு, நீர் போனது அந்தக் கந்தோருக்குத்தானோ என்று கேட்டான். ‘சுகம்’, ‘நன்றி’ என்ற இரண்டு சொல்லையும் கண்ட கொம்பியூட்டர், கடிதத்தைப் பாராட்டு என்ற கோப்பில் போட்டுவிட்டதென்பது அவர்களுக்குத் தெரியாது.

பணியகத்துக்கு இருபத்தொரு வருஷத்தில் வந்த முதலாவது பாராட்டு அது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பணிப்பாளர் அம்பலவாணர் அதன் கீழே நின்று படம் எடுத்தார். இப்படி நன்றியுள்ள மக்கள் வாழும் தீவை நேரில் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது.

ஒரு சனிக்கிழமை குழு வந்தது. ஒன்பது பேர், இரண்டு படகு. ஒரு படகில் ஐம்பது பேர் தாராளமாகப் போகலாம். ஆனால் கழுத்துப் பிரிவுத் தலைவரும் தொண்டைப் பிரிவுத் தலைவரும் ஒரே படகில் ஏறமாட்டார்கள். பிள்ளையின் நாடி, அதுதான் மோவாய், கழுத்தைச் சேர்ந்ததா தொண்டையைச் சேர்ந்ததா என்று நாலு வருஷத்துக்கு முன் இருவருக்கும் பிணக்கு வந்தது. அன்றிலிருந்து நாடிக்கு ஒருவரும் பொறுப்பில்லை.

தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் கூட்டம். மாலை போட்டார்கள். விளக்கேற்றினார்கள். பிறகு கழுத்து, தொண்டை விபத்துகளில் இறந்த தீவுப் பிள்ளைகளுக்காக இரண்டு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். அப்படி இங்கே ஒருவரும் சாகவில்லை என்று தம்பையா எழும்பிச் சொன்னார். இருந்தாலும் நிகழ்ச்சி நிரலில் இருந்தபடியால் எல்லாரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள்.

பணிப்பாளர் பேச வந்தார். தொடக்கத்திலேயே தன் சாதனையைச் சொன்னார்.

“இருபத்தொரு வருஷமா இந்தப் பணியகத்தில ஒரு கோப்புக்கூடத் தவறினதில்லை. எத்தனையோ பிள்ளையளைத் தவறவிட்டிருப்பம். ஆனால் கோப்புத் தவறினதில்லை.”

முன்வரிசையில் இருந்த உத்தியோகத்தர்கள் கை தட்டினார்கள். பிறகு பாராட்டுக் கடிதம் எழுதிய தாயை மேடைக்கு அழைத்தார்கள்.

மாக்கிறேற் மேடையில் பேசிப் பழகாதவள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள். கொக்கி, கயிறு, குமிழ், படிவம் எல்லாம். கடைசியில், மற்றத் தீவுகளிலும் அந்தக் கயிறுகளை எடுத்துவிடுங்கோ என்று கேட்டாள். பணிப்பாளரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுப்பதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்போதுதான் அவர் முன்னால் அங்கியோடு இருத்தியிருந்த நாற்பது பிள்ளைகளையும் உற்றுப் பார்த்தார். நாற்பது அங்கியிலும் குமிழ் இல்லை.

“எங்கட சுலோகம் எங்க?” என்று கேட்டார்.

சுலோகம் மாக்கிறேற் திரும்பக் கொண்டுவந்திருந்த பால்மா ரின்னில் இருந்தது. பரிசோதனை நடத்துவதென்று அங்கேயே முடிவாயிற்று.

முதலில் தொண்டை. தொண்டைப் பிரிவுத் தலைவர் ஒரு நீல வெல்வெட் பெட்டியைக் கொண்டுவந்தார். அதைத் திறக்க மூன்று பேர் கையொப்பம் வைத்தார்கள். உள்ளே ஒரு சின்ன உலோகக் குழாய். அதற்குப் பெயர் நியமத் தொண்டை. ஒரு பொருள் அதற்குள் முழுதாக இறங்கினால் அது சிறுபிள்ளையின் தொண்டையிலும் இறங்கும். வெளிநாட்டிலிருந்து வந்தது, பணியகத்திடம் அந்த ஒன்றுதான் இருந்தது. தலைவர் குமிழை அதன் வாயில் வைத்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளே போயிற்று.

மண்டபத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் தலைவர் அவசரப்படவேண்டாம் என்றார். இந்தச் சோதனை விளையாட்டுப் பொருள்களுக்கும் தின்பண்டங்களுக்கும் மட்டும்தான். குமிழ் விளையாட்டுப் பொருள் இல்லை, விழிப்புணர்வுச் சாதனம். ஆகவே அது உள்ளே போனாலும் போனதாகக் கொள்ளப்படாது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அன்ரனிட்டா, தன் கையில் பொத்தி வைத்திருந்த இலந்தைப்பழத்தைக் குழாய்க்குள் போட்டுப் பார்த்தாள். அதுவும் போயிற்று. இலந்தைப்பழம் விழிப்புணர்வுச் சாதனம் இல்லை. ஆகவே விதி பாய்ந்தது. உற்பத்தியாளர் யார் என்று விசாரித்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் நின்ற மரத்தைக் காட்டினார்கள். பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும் என்ற அறிவித்தலை மரத்தில் ஒட்டிவிட்டு, மரத்திடம் வாங்கவேண்டிய கையொப்பத்துக்குப் பதிலாகச் சாட்சியாகத் தம்பையாவிடம் வாங்கினார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் நியமத் தொண்டை அடைத்துப்போய் இருந்தது. கீழே குமிழ், மேலே இலந்தைப்பழம். தலைவர் விரலை விட்டார். பழம் இன்னும் இறுகியது. பேனையால் குத்தினார், ஏலவில்லை. அதைத் திருத்துவதற்கு யாருக்கு எழுதுவதென்று ஒன்பது பேரும் கூடிக் கதைத்தார்கள். தம்பையா எழும்பி வந்து, குழாயை வாங்கி, குழந்தைகளுக்குச் செய்வதுபோல் உள்ளங்கையில் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தில் ஐந்து தட்டுத் தட்டினார். பழமும் குமிழும் வெளியே வந்து விழுந்தன. தொண்டைப் பிரிவுத் தலைவர் அதை, ‘வெளியார் ஒருவர் அரச தொண்டையைத் தாக்கினார்’ என்று குறித்துக்கொண்டார்.

அடுத்தது கழுத்து. கழுத்துப் பிரிவுத் தலைவர் இழுவையை அளக்கும் ஒரு விற்தராசைக் கொண்டுவந்து மாக்கிறேற் தைத்த ஒட்டுப்பட்டியை இழுத்தார். அது திறந்தது. இன்னொரு அங்கியை இழுத்தார். அதுவும் திறந்தது. அவர் உதட்டைப் பிதுக்கி, தேறவில்லை என்று எழுதினார். பிறகு பணியகத்தின் பழைய கயிற்றை எடுத்துக் கூரை வளையில் கட்டி, தானும் இன்னொருவருமாக அதில் தொங்கிக் காட்டினார். கயிறு அசையவில்லை.

“பார்த்தியளோ,” என்றார் அவர், தொங்கியபடியே. “ரெண்டு பெரிய ஆக்களைத் தாங்குது. ஒரு சின்னப் பிள்ளை எவ்வளவு நேரமெண்டாலும் தொங்கலாம்.”

நாற்பது தாய்மாரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் தேசிய கீதத்தோடு முடிந்தது.

அடுத்த கிழமை மாக்கிறேற்றுக்கு அழைப்பாணை வந்தது. பணியகச் சொத்தான நாற்பது கழுத்துப்பகுதிகளைச் சேதப்படுத்தியமை தொடர்பான விசாரணை. எமிலியானுஸ் தொழிலுக்குப் போகாமல் அவளோடு வந்து, வெளியே வாங்கில் இருந்தான். உள்ளே நீண்ட மேசைக்கு அப்பால் பணிப்பாளர். அவருக்கு இடப்பக்கம் கழுத்து, வலப்பக்கம் தொண்டை. ஒரு மூலையில் நிலாந்தினி குறிப்பெழுத உட்கார்ந்திருந்தாள்.

விபத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். கழுத்தில் கோடு இருந்தது என்றாள். கோடு எங்கே என்றார்கள். மாறிவிட்டது என்றாள். யாருடைய அனுமதியுடன் மாறியது என்று கழுத்துப் பிரிவுத் தலைவர் கேட்டார். அவள் விளங்காமல் அவரைப் பார்த்தாள். கோட்டைப் பரிசோதிப்பதற்கு அதிகாரி வரும்வரை அதை அப்படியே வைத்திருந்திருக்கவேண்டும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

மாக்கிறேற் அதுவரை பயந்துதான் இருந்தாள். அந்தச் சொல்லோடு அவளுடைய பயம் எங்கேயோ போய்விட்டது.

“சேர், நான் அண்டைக்குக் கத்தரிக்கோல் கொண்டுபோகாட்டி, உங்கட படிவத்தில முதலாவதுக்குச் சரி போட்டிருப்பன்,” என்றாள். “அப்ப என்ர முறைப்பாட்டில ஒரு பிழையும் இருந்திராது. பிள்ளை உயிரோட இருக்கிறதுதானே உங்களுக்கு இப்ப கரைச்சல்?”

நிலாந்தினியின் பேனை நின்றுவிட்டது. பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டினார்.

“ஓம் பிள்ளை,” என்றார், அவள் கடைசியில் விஷயத்தை விளங்கிக்கொண்டாள் என்ற நிம்மதியோடு. “அதைத்தான் நாங்களும் சொல்லுறம்.”

தீர்ப்பு இரக்கமாகவே இருந்தது. ஒரு மாதத்துக்குள் நாற்பது கயிறுகளையும் அவளே திரும்பப் பூட்டிக் கொடுத்தால் மன்னிப்பு. இல்லாவிட்டால் அங்கிகளைப் பறித்துக்கொண்டு போவார்கள். அங்கி இல்லாமல் தீவுப் பிள்ளைகள் எவரும் படகில் ஏறக்கூடாது. குமிழ் பூட்டிய நாற்பது கயிறுகளைப் பையில் கட்டி அவள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து முதலாவது அங்கியை மெசினில் வைத்தாள். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் பொருத்தினாள். மிதிக்கவேண்டியதுதான் மிச்சம். கால் மிதிக்க மறுத்தது. அங்கியின் உள்பக்கத்தில் யாரோ தாய் தன் பிள்ளையின் பெயரை மையால் எழுதியிருந்தாள்: மிரோஜன். மாக்கிறேற் அந்தப் பெயரை வாசித்தாள். பிறகு கயிற்றை உருவிவிட்டுச் சமைக்கக் குசினிக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படித்தான். பத்து நாள் அப்படிப் போயிற்று.

பதினோராம் நாள் நிலாந்தினி அவளுக்குப் போன் எடுத்தாள். கந்தோருக்கு வெளியே வந்து நின்று கதைப்பதுபோல் பின்னால் வாகனச் சத்தம் கேட்டது. தான் பணியகத்தின் விதிமுறைப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்ததாகச் சொன்னாள். இதற்கு முதல் யாரும் வாசித்திருக்கமாட்டார்கள் போலிருக்கிறது, தாள்கள் ஒட்டியபடியே இருந்தன என்றாள்.

“அக்கா, கயிறு இருக்கவேணும் எண்டு அதில எங்கயும் இல்லை. ‘சுலோகம் கழுத்துப்பகுதியில் தெரிதல் வேண்டும்’ எண்டுதான் கிடக்கு. நீங்கள் அந்தப் பட்டியிலயே சுலோகத்தைத் தைச்சு விடுங்கோ.”

“இழுத்தால் திறக்குது, தேறாது எண்டினமே?”

“கழுத்துப் பட்டி எண்டால்தான் இழுத்துப் பார்ப்பினம். ‘சுலோகந்தாங்கி’ எண்டு பேர் வையுங்கோ. சுலோகந்தாங்கிக்கு ஒரு சோதனையும் இல்லை.” அவள் இன்னொன்றும் சொன்னாள். “பணிப்பாளற்ற பேரையும் போடுங்கோ. சுலோகத்திலும் பார்க்கக் கொஞ்சம் பெரிசா.”

பணிப்பாளரின் பெயரைப் பிள்ளைகளின் கழுத்தில் தைப்பது மாக்கிறேற்றுக்குப் பிடிக்கவில்லை. எமிலியானுஸுக்கும் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உம்மட பேரல்லோ வரவேணும் என்றான். அவள் ஒரு பகல் முழுக்க யோசித்தாள். கயிற்றையும் பார்த்தாள், எழுத்தையும் பார்த்தாள். எழுத்து ஒருவருடைய கழுத்தையும் இறுக்காது என்று முடிவு செய்தாள். சிவப்பு நூல் எடுத்து, ‘கழுத்தைக் காப்போம்’ என்று ஒரு வரியும் அதன் மேலே ‘பணிப்பாளர் அம்பலவாணர்’ என்று இன்னும் பெரிய ஒரு வரியும் தைத்தாள். ஒரு அங்கியை நிலாந்தினிக்கு அனுப்பினாள்.

மேசையில் அது வைக்கப்பட்டபோது பணிப்பாளர் முதலில் எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். தன் பெயரை வாசித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்து வாசித்தார். யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசித்தார். கழுத்துப் பிரிவுத் தலைவர் விற்தராசோடு ஓடிவந்து, இழுத்தால் இது திறந்துவிடும் என்று எச்சரித்தார். நிலாந்தினி தலையைக் குனிந்தபடி, சுலோகந்தாங்கிகள் இழுவைச் சோதனைக்கு உட்படாதவை என்று விதியை வாசித்தாள். பணிப்பாளர் கையைக் காட்டி இருவரையும் நிறுத்தினார்.

“அந்தக் கயிற்றில ஒரு பெரிய குறை இருந்தது,” என்றார். “குமிழ் சின்னன். என்ர பேர் போட இடமில்லை. நான் அப்பவே கண்டனான்.”

அன்று மாலையே சுற்றறிக்கை போயிற்று. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எல்லா இடங்களிலும் கயிறும் குமிழும் உடனடியாக அகற்றப்பட்டுப் பணிப்பாளரின் புதிய வடிவமைப்புப் பொருத்தப்படவேண்டும். மாக்கிறேற் ஒட்டுப்பட்டியில் மாதிரி வெட்டிப் படகில் ஒவ்வொரு தீவுக்கும் அனுப்பினாள். அந்தந்தத் தீவுத் தையற்காரிகள் தைத்தார்கள். நெடுந்தீவிலிருந்து கடைசி அங்கியும் முடிந்துவிட்டது என்று செய்தி வந்த அன்றுதான் அவள் படுத்ததும் நித்திரையானாள்.

வெளியீட்டு விழாவை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வைத்தார்கள். பந்தல் போட்டு, கதிரை அடுக்கி, எழுவைதீவிலிருந்து நாற்பது பிள்ளைகளையும் அங்கியோடு கொண்டுவந்து முன்வரிசைகளில் இருத்தினார்கள். மாக்கிறேற்றுக்கும் அழைப்பு வந்திருந்தது. அதில் அவள் பெயருக்கு நேரே ‘பயனாளி’ என்று போட்டிருந்தார்கள். ஆறாம் வரிசையில் எமிலியானுஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் தெரிந்த நாற்பது பிடரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் கயிறு இல்லை. அது போதும்போல் இருந்தது.

பணிப்பாளர் ஒலிவாங்கிக்கு முன் வந்து பதினாறு தாள்களை எடுத்து வைத்தார். இந்த வடிவமைப்பு தன் மனதில் எப்படி உதித்தது என்று தொடங்கினார். இரண்டாவது தாளில் அன்ரனிட்டாவுக்குச் சலிப்புத் தட்டியது. அவள் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தாள்.

பர்ர்ர்.

அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. அமத்தி ஒட்டிவிட்டு இன்னொருமுறை இழுத்தாள். பக்கத்துப் பெடியன் பார்த்துவிட்டுத் தானும் இழுத்தான். அதற்கடுத்த பிள்ளை. அந்த வரிசை முடிந்து அடுத்த வரிசை. கொஞ்ச நேரத்தில் நாற்பது கழுத்துகளும் திறந்து திறந்து மூடின. பணிப்பாளர் குரலை உயர்த்தினார். ஒலிவாங்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள். அறிவிப்பாளர் அமைதி காக்கச் சொன்னார். பிள்ளைகள் அவர் சொல்லி முடியும்வரை அமைதி காத்தார்கள். கழுத்துப் பிரிவுத் தலைவர் வரிசைகளுக்குள் புகுந்து ஒவ்வொரு பட்டியாக அமத்தி மூடிக்கொண்டு வந்தார். அவர் ஒன்றை மூடுவதற்குள் பின்னால் நாலு திறந்தன. உதவிக்கு வரும்படி தொண்டைப் பிரிவுத் தலைவரை அவர் கூப்பிட்டார். நாலு வருஷத்தில் இருவரும் பேசிய முதற்பேச்சு அது. அது வெளிப்பக்கம் நடக்கிற விஷயம் என்று மற்றவர் பதில் சொன்னார்.

எமிலியானுஸ் குனிந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அவனுடைய தோள் குலுங்கியது. மாக்கிறேற் அவனுக்கு முழங்கையால் இடித்தாள். பிறகு அவளாலும் ஏலாமல் போயிற்று. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினாள். பிள்ளை கொக்கியில் மாட்டிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பணிப்பாளர் பன்னிரண்டாம் தாளில் நின்றபோது தம்பையா பந்தலுக்குள் வந்தார். சோளகக் காற்று எழும்பப்போகுது, இனிப் பிந்தினால் பிள்ளைகளைக் கொண்டுபோக ஏலாது என்று அறிவிப்பாளரிடம் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முதலாவது வரிசையை எழுப்பினார். மாக்கிறேற் ஓடிப்போய் இறங்குதுறை விளிம்பில் நின்று, ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிப் படகுக்குள் நின்ற அவர் கையில் கொடுத்தாள். இடையில் ஒரு பிள்ளையின் கழுத்துப்பட்டை கொக்கியில் மாட்டியது. பர்ர்ர் என்று திறந்தது. பிள்ளை சிரித்துக்கொண்டு இறங்கிப் போயிற்று. தம்பையா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

படகு கரையை விட்டு வெகுதூரம் போன பின்பும் பந்தலிலிருந்து ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டிருந்தது. பதினாறாவது தாளைப் பணிப்பாளர் வெறுங்கதிரைகளுக்கு முன்னால் வாசித்து முடித்தார்.

விழாவின் அறிக்கையை எழுதும் பொறுப்பு நிலாந்தினியுடையது. உரையின் பெரும்பகுதி தனக்குக் கேட்கவில்லையே, அந்த இடத்தில் என்ன எழுதுவதென்று அவள் போய்ப் பணிவாகக் கேட்டாள். ஏன் கேட்கவில்லை என்றார் பணிப்பாளர். பிள்ளைகள் இடைவிடாமல் சத்தம் செய்தார்கள் என்றாள் அவள். பணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். அறிக்கை அடுத்த நாள் மேலிடத்துக்குப் போயிற்று. அது இன்றைக்கும் கோப்பில் இருக்கிறது: ‘பணிப்பாளரின் உரை தொடங்கி முடியும்வரை பிள்ளைகள் பலத்த கரகோஷம் செய்தனர்.’